இருட்டுக்கு விட்ட கோழிகள்

ஆனி 30

தீவனக் கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாகச் சாமி அலமாரிக்கு மேலே தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்றைக்குத் தட்டி எடுத்தேன். எடுக்கக் காரணம் இருக்கிறது. கறிக்குக் கோழி ஏற்றிப்போக வரவேண்டிய லாரியை வரவேண்டாம் என்று நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மேற்கு ஷெட்டுக் கோழிகளுக்கு வயசாகிவிட்டது. வயசு என்றால் ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. முட்டைக்கோழிக்கு அது கிழட்டு வயசு. பாதிக் கோழி முட்டை விடுவதே இல்லை. விடுகிற முட்டையும் ஓடு மெலிந்து, விரல் பட்டால் நொறுங்குகிறது. நாமக்கல் பக்கம் இந்த வயசுக் கோழியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். லாரி வரும், ஏற்றுவார்கள், முட்டைக்குத் தயாரான புது விடைக்கோழி வந்து இறங்கும். இந்தத் தடவை கார்த்திகை வரைக்கும் விடைக்கோழி கிடையாது என்று எல்லாப் பக்கமும் கையை விரித்துவிட்டார்கள்.

"லாரியையும் வேண்டான்னுட்டே. இதுகள வெச்சு என்ன புள்ள பண்ணப் போறே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருட்டுல போடப் போறேனுங்க. ஓய்வு குடுத்தா மறுபடி முட்டைக்கு வரும்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. கேள்விப்பட்டதுதான்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். யாரோ இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஆடி 1

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். படுதா சும்மா இருக்குமா? ஷெட்டைச் சுற்றிக் கறுப்புப் படுதா கட்ட நானும் அவரும் சரசுவும் காலையிலிருந்து மல்லுக்கட்டினோம். சரசு எங்கள் பண்ணையில் தீவனம் போடுகிறவள். கையோடு வாயும் வேலை செய்யும்.

"ஏனுங்கக்கா, இது கல்யாணப் பந்தலா, எழவுப் பந்தலா?"

"ரெண்டும் இல்ல. தூங்கற பந்தல். பேசாமப் புடி."

கட்டி முடித்து, பல்புகளை அணைத்துவிட்டு, உள்ளே போய் நின்றேன். பகலில் கொஞ்ச நேரம் மட்டும் படுதாவைச் சுருட்டிவிடுவோம். மற்ற நேரமெல்லாம் இருட்டுத்தான். மூவாயிரத்துச் சொச்சம் கோழியும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தின. படுதா காற்றை வாங்கி உப்பி, மெதுவாக விட்டது. ஷெட்டே மூச்சு விடுவது மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சரசு வெளியிலிருந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தேன்.

ஏன் இருட்டு என்று எழுதி வைக்கவேண்டும். அவள் சொன்னதுதான். அவள் என்றால் மேகலா, எங்கள் ஒரே மகள். கால்நடைப் படிப்பு படித்தாள், அதற்கு மேலும் படித்தாள். மேல்படிப்பு முழுக்கக் கோழியின் தலைக்குள்தான். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். கோழிக்கு அது மிளகைவிடச் சின்னது. வெளிச்சம் கண் வழியாக மட்டுமில்லை, மண்டை ஓட்டையே தாண்டி உள்ளே போகுமாம். உடனே மூளை அந்தச் சுரப்பியின் கதவைத் தட்டும். சுரப்பி முட்டைப்பைக்குச் சேதி அனுப்பும். வயசாக ஆக, மூளை தட்டிக்கொண்டேதான் இருக்கும். சுரப்பியில் இருக்கிற செல்கள்தான் எழுந்து வருவதில்லை.

தீவன மூட்டைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே அவள் இதைச் சொன்னாள்.

"செத்துப் போயிருதா?" என்று கேட்டேன்.

"சாகறதில்லம்மா. ஓயாம ஒரே சேதி வந்துட்டே இருந்தா அதுக்குக் காது மரத்துப் போயிருது. கெழட்டுக் கோழியோட செல்லையும் விடைக்கோழியோடதையும் எடுத்து ரெண்டு கிண்ணத்துல வெச்சு, ஒரே மருந்தத்தான் ஊத்தறோம். விடையோடது ஒடனே பதில் சொல்லுது. கெழட்டோடது சும்மா கெடக்குது."

"அப்ப இன்னும் சாஸ்தியா லைட்டப் போட வேண்டியதுதான?"

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அணைக்கோணும்மா. கொஞ்ச நாளைக்கு ஆரும் கதவத் தட்டப்படாது. எறகெல்லாம் கொட்டிப் புதுசா மொளைக்கும். பொறவு மெதுவா ஒரு தட்டுத் தட்டுனா, எந்திரிச்சு வரும்."

அப்படிச் சொன்னவள், படித்து முடித்த கையோடு, கூடப் படித்த இன்பராஜைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் வேறு ஆட்கள். போன அன்றைக்குக் காலையில் நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தினமும் சொல்கிற மாதிரியே "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு அந்தக் காப்பிதான் இன்னும் செரிக்கவில்லை.

இந்த வாசலில் அவள் பேரை எடுத்தால் நான் இருக்கமாட்டேன் என்று அவர் நிலைப்படியைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அதனால்தான் நான் அவளோடு பேசுவதில்லை. அவருக்காகத்தான்.

ஆடி 2

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஆடி 3, வெள்ளி

அடித்தது. எடுக்கவில்லை.

மூன்று வருஷமாகத் தினமும் இதே நேரத்துக்கு அடிக்கிறாள். முன்பெல்லாம் அடிக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். இப்போது குக்கர் விசில் மாதிரிதான். அது பாட்டுக்கு அடித்து அடங்கும்வரை பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். நகருகிற அம்மி வேறு.

ஆடி 6

முட்டைத் தீவனத்தை நிறுத்தியாயிற்று. இனித் தவிடும் கொஞ்சம் மக்காச்சோளமும்தான். சில பண்ணையில் சுத்தப் பட்டினி போடுவார்கள். எனக்கு மனசு வராது. தவிட்டைப் பார்த்துவிட்டுக் கோழிகள் தலையைச் சாய்த்து என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தன. அதில் ஒன்று, கழுத்தில் ரோமம் போனது, கூண்டுக் கம்பியில் நான் கை வைத்தால் மோதிரத்தைக் கொத்தும். இன்றைக்குக் கொத்தவில்லை.

பொழுது சாய்ந்தால் அவர் மோட்டார் ரூமுக்குப் போய்விடுகிறார். கிணற்றில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் மோட்டாரைப் பார்க்கப் போகிற மனுஷரை நான் என்ன சொல்வது? அங்கே காற்று நன்றாக வருமாம். திரும்பும்போது முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ஆடி 9

முட்டை கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டது. நின்றால்தான் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

சாப்பிடும்போது அவர் கேட்டார்:

"எத்தன நாளைக்கு இருட்டுல வெக்கோணும்?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆகுமுங்க."

"நடுவுல பாவம் பாத்து ஒரு நாளைக்கு லைட்டப் போட்டுட்டா?"

"பட்டதெல்லாம் வீணுங்க. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

ரசச் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப மூணு வருஷமா நாமதான் ஓயாம லைட்டப் போட்டுப் போட்டுக் கெடுத்துட்டமாட்ட இருக்குது."

"மூணு வருஷமா? இந்தக் கோழிக்கு வயசே ஒன்றரை வருஷந்தானுங்க."

"ஆமா, ஆமா" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மோர் கூட ஊற்றிக்கொள்ளவில்லை. வயசாகிறது அவருக்கும்.

ஆடி 10, வெள்ளி

போன் அடிக்கவில்லை.

ஆடி 11

இன்றைக்கும் இல்லை. நல்லது. நிம்மதியாகப் பருப்புக் கடைந்தேன்.

ஆடி 14

இறகு கொட்ட ஆரம்பித்துவிட்டது. படுதாவைத் தூக்கியபோது தரை தெரியவில்லை. நடந்தால் கணுக்கால்வரை வெள்ளை எழும்பி, அவசரமே இல்லாமல் மறுபடி இறங்குகிறது. சரசு தலையில் ஒன்று, என் புருவத்தில் ஒன்று. தும்மினால் பத்து பறக்கிறது. கோழிகள் தோலும் இறகுக் குருத்துமாக, அடையாளமே தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. கொண்டை வெளுத்துச் சுருங்கிவிட்டது. சத்தமே இல்லை. கூண்டுக்கூண்டாக நின்று பார்த்தேன். நோய் இல்லை, நோவு இல்லை. உள்ளே போய்விட்டன, அவ்வளவுதான்.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. வீடு முழுக்க இறகு. நான் அதைக் கையால் விலக்கி விலக்கி எதையோ தேடுகிறேன். அடியில் எங்கேயோ போன் அடிக்கிறது. விலக்க விலக்க இறகு கூடுகிறது. விழித்துப் பார்த்தால் போன் தலைமாட்டில் சத்தமில்லாமல் கிடந்தது.

ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று சரசுவை விட்டு என் நம்பருக்கு ஒரு தடவை அடிக்கச் சொன்னேன். அடித்தது.

"ஆரு போனுக்கக்கா காத்துட்டு இருக்கறீங்க?"

"மருந்துக் கம்பெனிக்காரன் கூப்புடறேன்னான்" என்றேன்.

ஆடி 16

அவர் தடுப்பூசி மருந்து வாங்க ஈரோடு போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். நாமக்கல்லில் கிடைக்காத கோழி மருந்தா என்று கேட்டேன். அங்கே புதுச் சரக்காம். எனக்கு ஈரோடு என்றாலே ஆகாது. மேகலா அந்த ஊரில்தான் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

துவைக்கப் போட்ட அவர் துண்டில் பவுடர் வாசம். ஒரு ஓரத்தில் எச்சில் காய்ந்த கறை, அதில் பிஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸுல பக்கத்துல ஒரு பொம்பள கைக்கொழந்தையோட உக்காந்திருந்துச்சு. தோள்லயே சாஞ்சு தூங்கிருச்சு" என்றார், நான் கேட்காமலே.

யார் வீட்டுக் குழந்தையோ.

துண்டை இன்றைக்குத் துவைக்கவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. ஊரே மோகனூருக்குக் காவிரி பார்க்கப் போயிருக்கிறது. எலுமிச்சைச் சோறு கிண்டினேன். இருவர் சாப்பிட எவ்வளவு போடவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குக் கை பழகவில்லை. மீந்துபோனது.

போன் இல்லை.

ஆடி 22

வந்தது வினை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் ஊர்வலம். அதற்காக ரோட்டோரத் தென்னை மரங்களுக்கெல்லாம் சீரியல் பல்பு சுற்றிவிட்டார்கள். மேற்கு ஷெட்டை ஒட்டி நிற்கிற நாலு மரத்திலும் பச்சையும் சிவப்புமாக ஓடுகிறது. எங்கள் படுதாவோ போன வருஷத்துப் படுதா, ஊசி ஊசியாக ஓட்டை. உள்ளே போய்ப் பார்த்தேன். கோழிகளின் முதுகில் பச்சைப் புள்ளி ஓடுகிறது, சிவப்புப் புள்ளி ஓடுகிறது. கழுத்தில் ரோமம் போனது தலையைத் தூக்கிப் பார்த்துக் கேறியது. இத்தனை நாள் பட்ட பாடு போய்விடும். ஓய்வும் கிடைக்காது, முட்டையும் கிடைக்காது. மறுபடி லாரிக்குத்தான் சொல்லவேண்டும்.

"நீங்க போயிக் குப்பண்ணங்கிட்டச் சொல்லுங்க" என்றேன். கோயில் தர்மகர்த்தா அவர்தான்.

"நீ போ. கோழிக்கு எதுக்கு இருட்டுன்னு உனக்குத்தான் சொல்லத் தெரியும்" என்றார்.

கோயில் பக்கம் போய் நான் மூன்று வருஷம் ஆகிறது என்று தெரிந்துகொண்டே சொல்கிறார்.

ஆடி 23

போனேன். வேறு வழி?

மண்டபத்தில் பெண்கள் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் நேராகக் குப்பண்ணனிடம் போய்ச் சொன்னேன். கோழிக்குத் தலைக்குள் இருக்கிற சுரப்பியைச் சொன்னேன், காது மரத்துப்போவதைச் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு யாரும் கதவைத் தட்டக்கூடாது என்பதைச் சொன்னேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கோழி தூங்கோணும், சாமிக்கு லைட்ட அணைங்கன்னு வந்து நிக்கற மொத ஆளு நீதான் சாந்தாமணி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவரே, "அந்த நாலு மரத்துக்கு மட்டும் வேண்டான்னா விட்டரலாம். கரண்டு வாறதுக்கு முந்தியும் ஆத்தா நடந்துட்டுத்தான இருந்தா" என்றார்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். பாப்பாத்தி அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, மாவுக் கையோடு எழுந்து வந்தார்.

"மேகலா ஏதாச்சும் பேசறாளா சாந்தா?"

இதைக் கேட்பார்கள் என்றுதான் நான் கோயிலுக்கே வராமல் இருந்தது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குத் தயாராகத்தான் வந்தேன்.

"தெனமும் கூப்புட்டுட்டுத்தானுங்கக்கா இருந்தா. இப்பக் கூப்புடறதில்ல" என்றேன். "நாந்தான் எடுக்கல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால்.

அக்கா மாவுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன், ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. கழுவிக்கொண்டு சமைத்தேன்.

ஆடி 24, வெள்ளி

பொழுது இறங்கி ஊர்வலம் வந்தது. தூரத்தில் ரோடு முழுக்கப் பச்சை, சிவப்பு, மேளம், வேட்டு. எங்கள் வேலி வந்ததும் நாலு மரத்துக்கு இருட்டு. அந்த இடத்துக்கு வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

ஒற்றைத் தீப்பந்தம் முன்னால் போக, ஆத்தா பின்னால் வந்தாள். தூக்கியவர்களின் காலடியும் மூச்சும் மட்டும் கேட்டது. பூ வாசம் வந்தது. படுதாவுக்கு அந்தப் பக்கம் கோழிகள் தூக்கத்தில் அடித்தொண்டையால் ஒரு சத்தம் போட்டன. மூவாயிரமும் சேர்ந்து, ரொம்ப மெதுவாக. வேலியோரம் நின்று கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதமாட்டேன். அவர் என் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியைப் பாருங்க என்றேன்.

நாலு மரம் தாண்டியதும் மேளம் பிடித்துக்கொண்டது.

ஆடி 30

குருத்து வெடித்துப் புது இறகு வருகிறது. தொட்டால் ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. வேறொன்றும் எழுத இல்லை.

இனிமேல் போன் வராது என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆவணி 4

முட்டைத் தீவனம் திரும்பவும் ஆரம்பம். படுதாவைத் தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம் தூக்கி வைக்கிறோம். அவசரப்படக் கூடாது.

"கொஞ்சமா வெளிச்சத்தக் காட்டுனாப் போதுமா?" என்று அவர் கேட்டார்.

"போதுமுங்க. காதுதான் திறந்திருச்சே."

"திறந்திருச்சுன்னு எப்புடித் தெரியும்?"

"கொண்டை செவக்கும். கூண்டுக்குள்ள நெலகொள்ளாது. கதவுச் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் கோழிமேல் இவ்வளவு அக்கறையாக அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆவணி 8

விளக்கு வைத்துவிட்டுப் போனைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்கத்தான். வாசலில் நாய் குரைத்தது, எழுந்து போனேன். பால்காரர் வண்டி நின்றது, எழுந்து போனேன். பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கோ போன் அடித்தது, அதற்கும் எழுந்துவிட்டேன்.

உடம்புக்கு ஏதாவதோ? ஒரு வேளை கோபமோ? நான் எதற்குக் கவலைப்பட? மூன்று வருஷம் அடித்த கை ஒரு நாள் சலித்துத்தானே போகும்? சலித்துப் போயிருந்தால் அதை நான் குற்றம் சொல்ல முடியாது. இதை எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது. வாயு இல்லை.

ஆவணி 12

அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு தடவைகூட அடித்ததில்லை, ஆனாலும் மனப்பாடம். இன்றைக்கு எல்லா எண்ணையும் அழுத்தினேன். மணி போவதற்குள் அணைத்துவிட்டேன். அவள் எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. எடுக்காமல் விடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கொண்டைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன என்று சரசு சொன்னாள். போய்ப் பார்க்கவேண்டும்.

ஆவணி 17

சாயங்காலம் மேற்கு ஷெட்டுக்குப் போனேன். எல்லாம் புது வெள்ளையில் பளிச்சென்று, கூண்டுக்குள் நிலைகொள்ளாமல். கழுத்தில் ரோமம் போனதுக்குக் கழுத்து முழுக்க ரோமம். எதுவென்று அடையாளம் தெரியாமல் தேடினேன். கம்பியில் கை வைத்ததும் ஒன்று மோதிரத்தைக் கொத்தியது. அதன் கூண்டுக்கு முன்னால், சரிவில் உருண்டு வந்து ஒரு முட்டை. சின்ன முட்டை. ஓட்டில் மயிர்க்கோடு மாதிரி ரத்தம். எடுத்தேன். சூடாக இருந்தது. மெலிசு இல்லை, கெட்டி ஓடு.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

முதல் மணி முடியவில்லை.

"சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உருண்டது.

"அம்மாவா?"

"அம்மாதான். எங்கடி போய்த் தொலைஞ்சே இத்தன நாளா?"

மூன்று வருஷம் எடுக்காதவள் கேட்கிற கேள்வியா இது? அதுதான் வாயில் வந்தது.

"எடுத்துட்டியாம்மா... எடுத்துட்டியா..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழுகாத கண்ணு. நீ அழுதா நானும் கண்ணத் தொடைக்கோணும். கையில முட்டை இருக்குது."

"என்ன முட்டைம்மா?"

"மேற்கு ஷெட்டு. மொத முட்டை. நீ சொன்னாப்புடியேதான் பண்ணுனேன்."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஓட்டுல ரத்தம் இருக்குதாம்மா?" என்றாள்.

"கொஞ்சம். கோடாட்டம்."

"பயப்படாத. மொத முட்டை அப்புடித்தான் வரும். போகப் போகச் சரியாயிரும்."

"ஏன் நீ கூப்புடவே இல்ல?"



"அப்பாதாம்மா கூப்புடாதன்னாரு. 'உங்கம்மாளுக்குக் காது மரத்துப் போச்சு கண்ணு. நீ ஓயாம அடிச்சு அடிச்சே மரத்துப் போச்சு. கொஞ்ச நாளைக்கு இருட்டுல வெப்போம். நடுவுல பாவம் பாத்துக் கூப்புட்டீன்னா எல்லாம் வீண்'னு சொன்னாரு. தெனமும் அந்த நேரத்துக்குப் போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பேம்மா. இன்னைக்குத்தான் அப்பா அடின்னாரு."

திரும்பிப் பார்த்தேன். மோட்டார் ரூம் ஓரமாக நின்றுகொண்டு, துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

ஆவணி 18

காலையில் காப்பியைக் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கோவமா?"

"பொண்டாட்டியக் கோழியோட சேத்து இருட்டுல போட்டவரு இந்த ஜில்லாவுல நீங்க ஒருத்தருதானுங்க."

"முட்டை வந்துருச்சல்ல?"

"நெலப்படியப் புடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே?"

"வாசல்ல பேரெடுத்தாத்தான இருக்கமாட்டேன்னேன். நான் வாசல்ல எங்க எடுத்தேன்? மோட்டார் ரூம் வாசலத் தாண்டி அக்கட்ட இருக்குது."

ஒன்றரை வருஷமாக அங்கே நின்றுதான் மேகலாவோடு போனில் பேசியிருக்கிறார். பேத்தி பிறந்த அன்றைக்கு ஆரம்பித்ததாம். எனக்கு வந்த கோபத்துக்குக் காப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் அதற்குள் குடித்து முடித்துவிட்டார்.

ஆவணி 20

முட்டை நாளுக்கு நாள் கூடுகிறது. சீராக வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், மூன்று பேரும். இன்பராஜுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஊர் பேசும். பாப்பாத்தி அக்கா மட்டும் ஆள் விட்டு, பலகாரத்துக்குக் கச்சாயம் சுடட்டுமா என்று கேட்டிருக்கிறார். சுடச் சொன்னேன்.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். இன்றைக்கு நான் முந்திக்கொள்ளப் போகிறேன்.

பவுடர் வாசத்தோடு கொடியில் கிடந்த அவர் துண்டை இன்றைக்குத்தான் துவைத்துப் போட்டேன்.